பெருநாளுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகலாமா?

ஜம்பட்டா வீதி | 2019 ஜூன் 2, இரவு 9.40

கொழும்பில் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் இருப்பவர்கள் பதில் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். மற்ற ஊர்க்காரர்களும் எழுதுங்கள்.

புதனோ வியாழனோ நோன்புப் பெருநாள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. நான் அங்கே போக வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மா கூடாது என்கிறார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கேட்கவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் குடியிருக்கிறோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பாடசாலைக்குப் போன காலத்திலிருந்தே அந்த வீட்டுக்காரியை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி வந்துவிடும். இஞ்சி, பூண்டு, ஆட்டெலும்பு போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கியது. அம்மா அந்தச் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. நாலு வாழைப்பழமாவது உள்ளே இருக்கும். நத்தாருக்கு எங்கள் வீட்டுக் கேக் அங்கே போகும், பெருநாளுக்கு வட்டிலப்பம் இங்கே வரும்.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஆலயங்களில் குண்டு வெடித்தபோது நாங்கள் தப்பியதற்குக் காரணம் முதல் நாள் இரவே பாஸ்கா பூசைக்குப் போய் வந்திருந்ததுதான். அம்மாவின் சிநேகிதி ஒருவர், செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு அம்மாவோடு பல வருடமாகக் கூடவே போகிறவர், அன்று காலை பேத்தியை அழைத்துக்கொண்டு அந்தோனியார் ஆலயத்துக்குப் போனார். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்பு சத்தம் கேட்டது. குசினி யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேத்தி காயத்தோடு பிழைத்தாள். அவர் வரவில்லை.

அன்று மாலை ஊரடங்கு போட்டுவிட்டார்கள். முகநூல், வட்ஸ்அப் எதுவும் வேலை செய்யவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ராத்தா பின்சுவருக்கு மேலால் ஒரு சட்டி சோறும் பருப்பும் எட்டித் தந்தார். அம்மா அந்த இரவு சாப்பிட்டது அதைத்தான். யார் செய்தது என்று அப்போது எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. ராத்தாவுக்கும் தெரியாது.

செய்தது ஒரு முஸ்லிம் தீவிரவாதக் கும்பல் என்று தெரிந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. மறுநாள் பின்னேரம் ஆலயத்துக்குப் பக்கத்தில் நின்ற வானில் இருந்த குண்டு, செயலிழக்கச் செய்யும்போது வெடித்தது. ஓடி வந்தவர்கள் எங்கள் வாசலுக்குள் வந்து நின்றார்கள். ராத்தா வீட்டு வாசலும் திறந்துதான் இருந்தது. அதற்குள் ஒருவரும் போகவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தாவும் பார்த்தார். சற்று நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு சோதனை. இராணுவமும் பொலிஸும் ஒழுங்கை முழுவதும் வந்தார்கள். எங்கள் வீட்டில் அலுமாரியைத் திறந்து பார்த்து, அடையாள அட்டைகளைப் பார்த்து, போய்விட்டார்கள். ராத்தா வீட்டில் மதியம் வரை நின்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு வைத்திருந்த பெரிய கத்தி, மூத்த மகனின் மடிக்கணினி, அரபுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் வாசலில் பாய் விரித்து அடுக்கினார்கள். ஒரு அதிகாரி தமிழ் மொழிபெயர்ப்புள்ள குர்ஆனைக் கையில் எடுத்து, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். அந்தப் பையன் எழுந்து நின்று, தமிழில் ஒரு வரி வாசித்து, அதையே சிங்களத்தில் சொன்னான். அடுத்த வரி. அதற்கும் அடுத்த வரி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. குரல் நடுங்காமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஒழுங்கையில் எல்லோரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நோன்பு தொடங்கியபோது கஞ்சி வரவில்லை. இரண்டாம் கிழமை ஒரு நாள் ராத்தாவின் கடைசி மகள் சட்டியோடு வந்தாள். என் மகளின் பாடசாலைதான் அவளும். அம்மா வாசலில் மறித்து, "வேண்டாம் பிள்ளை, கொண்டு போ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளை சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அதன்பிறகு யாரும் வரவில்லை.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இன்னும் இரவில் எழுந்து உட்காருகிறார். ஆனால் இந்தப் பெருநாளும் இப்படியே போனால், இந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் இனிமேல் ஒன்றும் இருக்காது என்று எனக்குப் படுகிறது. போகலாமா? போவதானால் எப்படிப் போவது? நான் போவதால் அவர்களுக்கோ அம்மாவுக்கோ இன்னும் நோகுமா?

கல்லடிப் பாலம் | 2019 ஜூன் 2, இரவு 10.55

அக்கா, நான் மட்டக்களப்பு. அதே நாள் இங்கே சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் என் பெரியம்மாவின் பேரன் எரிகாயப்பட்டான். இன்னும் கட்டு மாற்றுகிறார்கள். ஞாயிறு மறைக்கல்விக்குப் போன பிள்ளைகள்தான் அங்கே அதிகம் இறந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அம்மாவை ஒன்றும் கேட்காதீர்கள். இதுதான் நான் முதலில் சொல்வது. "அவர்கள் என்ன செய்தார்கள், ஏன் கோபம்?" என்று இப்போது யாராவது என் பெரியம்மாவிடம் கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். அவருக்கும் தெரியும், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் கடை வைத்திருப்பவனுக்கும் குண்டு கட்டியவனுக்கும் சம்பந்தம் இல்லை என்று. அறிவுக்குத் தெரிந்தது வயிற்றுக்கு இறங்க நாள் எடுக்கும்.

எங்கள் ஊரில் இது இன்னும் சிக்கல். கல்முனைக்குப் போகிற பஸ் காத்தான்குடி நடுவால்தான் போகும். கல்லடியிலிருந்து போனால் ஆரையம்பதிக்கு முன்பு அந்த ஊர். சில தமிழ் ஆட்கள் அந்த வீதியில் யன்னலுக்கு வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன், சரக்கு எடுப்பது காத்தான்குடி மொத்தக் கடையில். மே மாதம் முழுவதும் போகவில்லை, மட்டக்களப்பிலேயே கூடின விலைக்கு வாங்கினேன். போன கிழமை போனேன். முதலாளி கணக்குக் கொப்பியைத் திறந்து என் பழைய பாக்கியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை எப்படி?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நான் சொன்னேன், அவர் கேட்டார், சீனி இரண்டு மூட்டை எடுத்தேன், வந்துவிட்டேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

நீங்கள் போங்கள். அம்மாவிடம் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், ஒளித்துப் போகாதீர்கள். அவர்கள் வட்டிலப்பம் கட்டித் தந்தால் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைக்க வேண்டாம். அது அவரைச் சோதிப்பதாக ஆகிவிடும்.

பழைய கொழும்பு | 2019 ஜூன் 3, காலை 6.15

மகள், என் வயது எழுபது தாண்டிவிட்டது. 1996இல் கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதி அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தேன். ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் புலிகள் லொறியைக் கொண்டுவந்து மோதியபோது என் மேசைக்கு மேலே இருந்த கண்ணாடி முழுவதும் உள்ளே வந்து விழுந்தது. 91 பேர் இறந்தார்கள், 1400 பேருக்கு மேல் காயம். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் இருந்த ஒரு சிங்களச் சகோதரருக்குக் கண்ணாடித் துண்டு பாய்ந்து ஒரு கண் போய்விட்டது. மிக நல்ல மனிதர்.

அலுவலகம் திறந்த முதல் நாள் நான் எப்படி உள்ளே போனேன் என்று இன்றைக்கும் விவரமாகச் சொல்ல முடியும். வாசலில் எல்லோருடைய அட்டையையும் ஒரு முறை பார்த்தார்கள். என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறந்த இடம் பருத்தித்துறை என்பதை வாய்விட்டு வாசித்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். சோற்றுப் பார்சலோடு வந்து என் மேசையில் உட்காருகிறவர்கள் அன்று வேறு மேசைக்குப் போனார்கள். நான் அவர்களிடம் போய், இது நான் செய்ததில்லை என்று எப்படிச் சொல்வது? யாரும் என்னைக் கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவே சந்தேகம்.

ஒருவர் மட்டும் வந்தார். கண்ணை இழந்தவரின் உற்ற நண்பர் அவர். வந்து உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார். மன்னிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை. பொலிஸ் பதிவு செய்துவிட்டாயா என்று கேட்டார். அந்தக் காலத்தில் தமிழ் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிஸ் முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும், ஊரிலிருந்து மைத்துனி வந்தாலும் பெயர் சேர்க்க வேண்டும். அவர் அன்று பின்னேரமே என்னோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்து, சிங்களத்தில் பேசி முத்திரை வாங்கித் தந்தார்.

2007 ஜூனில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழரை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. உங்கள் ஒழுங்கையில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்த பஸ்களைப் பார்த்திருப்பார்கள். உங்கள் அம்மாவும் பார்த்திருப்பார். ஆனால் அதை அவரிடம் இப்போது நினைவூட்ட வேண்டாம். துக்கத்தில் இருப்பவருக்குச் சரித்திரம் சொல்லக் கூடாது. அது உங்களுக்காக எழுதியது.

பெருநாளுக்குப் போவது நல்லது. ஆனால் அவர்களுக்கு என்ன வேலை முடங்கிக் கிடக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். மடிக்கணினி திரும்பி வந்ததா? பையனுக்கு ஓகஸ்டில் பரீட்சை அல்லவா?

கட்டுவாப்பிட்டி | 2019 ஜூன் 3, பிற்பகல் 1.20

எல்லோரும் போ போ என்கிறீர்கள். நான் நீர்கொழும்பு. இங்கே செபஸ்தியார் ஆலயத்தில் வெடித்த குண்டில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளைக் கொடி. ஒரு வீட்டில் தகப்பன் மட்டும் மிச்சம். அவர் பிள்ளைகளின் சப்பாத்தை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை.

தாக்குதல் வரப்போகிறது என்று ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியா தகவல் கொடுத்திருக்கிறது. ஆலயங்கள் என்றே சொல்லியிருக்கிறது. கடிதம் ஒவ்வொரு மேசையாகப் போயிருக்கிறது, ஒருவரும் எங்கள் பங்குத்தந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்கு யார் பதில் சொல்வது? அது நடக்கும் முன்பு நாங்கள் ஏன் கஞ்சியைப் பற்றிப் பேச வேண்டும்? சகோதரி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அம்மா சட்டியை மறித்தது பிழை என்பதுபோல இங்கே யாரும் எழுத வேண்டாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. வருவதென்றால் அவர்கள் வரட்டும்.

வாழைத்தோட்டம் | 2019 ஜூன் 3, இரவு 11.30

கட்டுவாப்பிட்டிச் சகோதரருக்கு முதலில். நீங்கள் எழுதியதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. அம்மாவின் உரிமை பற்றிச் சொன்னதும் சரி. அந்தத் தகப்பனுக்காக நாங்கள் துஆ (பிரார்த்தனை) செய்கிறோம் என்று எழுதக்கூட எனக்குக் கை தயங்குகிறது, அதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ என்று. வருவதென்றால் அவர்கள் வரட்டும் என்றீர்கள். வராததற்கு இந்தத் தயக்கம்தான் காரணம்.

எங்கள் ஆட்கள் அந்தக் கும்பலின் சடலங்களைப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்க விடமாட்டோம் என்றார்கள். கிழக்கில் சாய்ந்தமருதில் அந்தக் கும்பலின் ஆட்கள் புதிதாக வந்து தங்கியபோது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது ஊர் முஸ்லிம்கள்தான். இதையெல்லாம் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. மே 13 இரவு முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் மினுவாங்கொடையில் எங்கள் மாமாவின் கடை எரிந்தது. நாத்தாண்டியாவில் ஒருவரைத் தச்சுப் பட்டறையில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். ஹசலக்கவில் ஒரு பெண் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்திருந்தார், அதைப் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். என் மனைவி அன்று இரவு தன்னுடைய உடுப்பு முழுவதையும் கட்டிலில் கொட்டி, பூ எது, சக்கரம் எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். இன்று பின்னேரம் முஸ்லிம் அமைச்சர்கள் ஒன்பது பேரும் பதவி விலகிவிட்டார்கள். இந்த நிலைமையில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட எங்களுக்குத் தைரியம் போதவில்லை என்பதுதான் உண்மை.

ஜம்பட்டா வீதிச் சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சிறு பிள்ளையின் கையில் சட்டியைக் கொடுத்து அனுப்ப ராத்தா எத்தனை நாள் யோசித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறோம், பிறை பார்க்கும் நாள் வந்துவிட்டது.

காலையில் போக வேண்டாம். தொழுகை, மையவாடி, உறவினர் என்று ஆட்கள் இருப்பார்கள், நீங்கள் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அது உங்களுக்கும் கூச்சம். மதியம் லுஹர் தொழுகை முடிந்து இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த முறை பல வீடுகளில் புது உடுப்பு எடுக்கவில்லை, பிள்ளைகள் பழைய உடுப்பில் இருந்தால் கவனிக்காதது போல இருங்கள். சோதனையைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் தொடங்கினால் கேளுங்கள்.

என் வாப்பா யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள், உடுத்த உடுப்போடு புத்தளம் வந்தார். பக்கத்து வீட்டுத் தமிழ் ஆசிரியை ஒருவர் துவக்கோடு நின்றவர்களுக்கு முன்னால் வந்து ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்ததை அவர் மௌத்தாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆசிரியையின் பெயரைத்தான் என் தங்கைக்குச் செல்லப் பெயராகக் கூப்பிட்டார்.

ஜம்பட்டா வீதி | 2019 ஜூன் 7, இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பலமுறை வாசித்தேன். கட்டுவாப்பிட்டி அண்ணா, உங்கள் பதிலையும்தான்.

பெருநாள் அன்று பின்னேரம் போனேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செபமாலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். மகளும் நானும் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனோம். கதவைத் திறந்த ராத்தா என்னைப் பார்த்ததும் முதலில் எனக்குப் பின்னால் அம்மா நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் "அவருக்குக் கால் நோவா?" என்று கேட்டார். ஆம் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வர மனம் வரவில்லை ராத்தா" என்றேன். "எனக்கென்றாலும் வராது" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குப் பேசுவது சுலபமாகிவிட்டது.

மகன் பேசவில்லை. சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனான். மடிக்கணினி திரும்பி வந்துவிட்டது, ஆனால் திறக்க முடியவில்லை, பாடக் குறிப்புகள் எல்லாம் அதற்குள். பழைய கொழும்பு ஐயா, நீங்கள் கேட்கச் சொன்னதால்தான் இது வெளியே வந்தது. என் கணவரின் நண்பர் ஒருவர் புறக்கோட்டையில் கணினி திருத்துகிறார். நேற்று கொண்டுபோய்க் கொடுத்தோம். குறிப்புகளை எடுத்துவிடலாம் என்கிறார்.

இன்னொன்றும் வெளியே வந்தது. பிள்ளைகளின் பாடசாலையில் காலையில் வாயிலில் நின்று புத்தகப் பைகளைச் சோதிக்கப் பெற்றோருக்கு முறை போட்டிருக்கிறார்கள். மே மாதம் ராத்தா தன் முறைக்குப் போய் நின்றபோது, சில தாய்மார் தங்கள் பிள்ளைகளின் பையை அவர் தொட விடவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து அடுத்த வரிசைக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். அவர் முடியும் வரைக்கும் நின்றுவிட்டு வந்திருக்கிறார். அடுத்த முறை போகவில்லை. வராதவர்களின் பெயரை அறிவித்தல் பலகையில் போட்டிருக்கிறார்கள், அவருடைய மகள் அதைப் பார்த்திருக்கிறாள். ஒரே பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பிக்கொண்டு எனக்கு இது தெரியவில்லை, ராத்தா மகளிடம் யாருக்கும் சொல்லாதே என்று சொல்லி வைத்திருந்தார்.

இன்று வகுப்பாசிரியையைச் சந்தித்தேன். திங்கட்கிழமை என் முறை. ராத்தாவின் பெயரையும் அதே நாளில் என் பெயரோடு சேர்த்துப் போடச் சொன்னேன், போட்டுவிட்டார். ஒரே மேசையில் இருவரும் நிற்போம். நான் பையைத் திறந்து பிடிக்க அவர் பார்க்கட்டும். யாராவது பிள்ளையை இழுத்தால் அந்தத் தாயோடு நானே பேசுகிறேன்.

அம்மா பற்றி எழுத இப்போதைக்கு ஒன்றும் இல்லை. 12ஆம் திகதி ஆலயத்தைத் திரும்பத் திறக்கிறார்கள், 13 திருவிழா. இரண்டு நாளும் போக வேண்டும் என்கிறார். கூட்டத்தில் அவரை எப்படி அழைத்துப் போவது என்ற கவலை எனக்கு வேறு.

கட்டுவாப்பிட்டி அண்ணா, ஏப்ரல் 4ஆம் திகதித் தகவல் பற்றி நீங்கள் கேட்டதை நானும் கேட்கிறேன். அதைக் கேட்பதற்கும் திங்கட்கிழமை வாயிலில் நிற்பதற்கும் நடுவில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை.

வேறு பாடசாலைகளில் பை சோதிப்பதற்கு எப்படி ஒழுங்கு செய்திருக்கிறார்கள்? ஆசிரியர்களே செய்கிறார்களா, பெற்றோரா? பெயர்களைப் பலகையில் போடாமல் நடத்துகிற பாடசாலை ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பெற்றோர் கூட்டம் இந்த மாதக் கடைசியில் இருக்கிறது, அங்கே பேச வேண்டும்.

கல்லடிப் பாலம் | 2019 ஜூன் 7, இரவு 9.05

அக்கா, எங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் வகுப்புவாரியாகச் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு வகுப்பின் பெற்றோர் நாலு பேர், கூடவே ஒரு ஆசிரியை. பையைப் பெற்றோர் தொடுவதில்லை. பிள்ளையே மேசையில் வைத்துத் திறந்து காட்ட வேண்டும், பார்ப்பது ஆசிரியை. வராதவர்களுக்கு ஆசிரியை வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார், பலகையில் ஒன்றும் போடுவதில்லை. கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். அதிபரிடம் இருந்து பெற்றோருக்கு வந்த கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது, நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.